பல்லக்கில் ஒரு கைதி

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று, மேற்கே ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகளும் லாரிகளும் ஒன்றையொன்று முட்டித் தள்ளாத குறையாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு, இந்தச் சாலை என்றைக்காவது தோற்றுப்போன சேனை ஒன்றின் ஓட்டத்தைத் தாங்கியிருக்கும் என்ற நினைவு லேசில் வந்துவிடாது. ஆயினும் 1780-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில், காஞ்சிபுரத்துக் கோயிற் குளத்தில் தன் கனத்த பீரங்கிகளைத் தானே தள்ளிவிட்டு, அரிசியையும் மூட்டை முடிச்சுகளையும் வழியெல்லாம் சிந்திக்கொண்டு, 12-ஆம் தேதி செங்கற்பட்டை அடைந்து, அங்கிருந்து பரங்கிமலைப் பக்கம் திரும்பி, 14-ஆம் தேதி சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தருகே மூச்சு வாங்கிய சர் ஹெக்டர் மன்றோவின் படை, செங்கற்பட்டிலிருந்து சைதைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வருகிற நம் ஊர்ப் பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் தம் சொந்தப் பணத்தில் கட்டிவைத்த பாலம் அது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. புண்ணியத்தை உத்தேசித்துக் கட்டிய பாலம் புறமுதுகிட்டவர்களுக்கும் உதவிற்று.

அந்தப் படை எதற்கு அஞ்சி ஓடிவந்தது என்பது பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் சமாசாரம். பொள்ளிலூர் என்று ஆங்கிலேயர் எழுதிய புள்ளலூரில், செப்டம்பர் 10-ஆம் தேதி, கர்னல் வில்லியம் பேய்லியின் படையை ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் முற்றாக அழித்தார்கள். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதுவரை அப்படி ஓர் அடி வாங்கியதில்லை. நான் இங்கே எழுத வந்தது யுத்தத்தைப் பற்றி அன்று. அந்த யுத்தத்தில் காயம்பட்டுச் சிறைப்பட்டவர்களைச் சித்திரக்காரர்கள் எப்படித் தீட்டினார்கள், யாரைத் தீட்டினார்கள், யாரைத் தீட்டாமல் விட்டார்கள் என்பதைப் பற்றி. காயம்பட்ட கைதியைப் போல வரைவதற்குக் கடினமான பொருள் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். வீரனை வரையலாம், பிணத்தையும் வரையலாம், இரண்டுக்கும் நடுவே, உயிரும் போகாமல் மானமும் மிஞ்சாமல் கிடக்கிறவனை என்ன செய்வது?

நம் முன்னோர்களுக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. மார்பில் பட்டால் விழுப்புண் என்றும், முதுகில் பட்டால் புறப்புண் என்றும் புண்ணுக்குக்கூடச் சாதி பிரித்துப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகையும் துளைத்துவிட்ட வெட்கத்தால் வடக்கிருந்து உயிர் விட்டான். சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்காலிரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்தி வந்ததென்று அதைக் குடியாமலே மடிந்தான் என்று புறநானூற்றுக் குறிப்புச் சொல்கிறது. அவனைப் பற்றிப் பாட்டு இருக்கிறது, கல் இல்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவாருங்கள். வில்லோடு நிற்கிறான், வாளோடு நிற்கிறான், உடம்பில் அம்பு தைத்தும் நிற்கிறான். விலங்கோடு உட்கார்ந்திருக்கிறவன் ஒருவன்கூட அகப்படமாட்டான். செத்தவனுக்குத்தான் நம் நாட்டில் கல் நடுவார்கள்.

இந்த வழக்கத்துக்கு மாறாக, காயம்பட்ட எதிரியைக் கண்ணெதிரே உட்காரவைத்து எழுதிய பெரிய சித்திரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது. 1784-இல் திப்பு கட்டிய தரியா தௌலத் என்னும் வேனில் மாளிகையின் மேற்குச் சுவரில், தேக்குமரத் தூண்களின் நிழலில், அது சுவர் முழுவதும் பரந்து கிடக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூர் போகிறவர்கள் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்து, புகைப்படம் எடுக்கக் கூடாதென்று காவலாளி அதட்டுவதைக் கேட்டுக்கொண்டு, மறுபடி வண்டி ஏறிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் ஏறினேன். இரண்டாம் தடவை, மழை பிடித்துக்கொண்டு வெளியே போகவிடாத ஒரு பிற்பகலில்தான், அந்தச் சுவரைச் சுவராகப் பாராமல் கதையாகப் பார்க்க வாய்த்தது.

நடுவே சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைகள்; ஒரே அச்சில் வார்த்தாற்போல வரிவரியாய்ப் பக்கவாட்டு முகங்கள்; நாலா பக்கமும் நெருக்கிவரும் மைசூர்க் குதிரைகள்; வெடிமருந்து வண்டி ஒன்று தீப்பற்றிச் சிதறும் பெரும் புகை. புள்ளலூரின் முடிவைத் தீர்மானித்தது அந்த வெடிமருந்துதான் என்பதைச் சித்திரக்காரன் அறிந்திருக்கிறான். இந்த அமளியின் மத்தியில் ஒரு பல்லக்கு. பல்லக்கினுள் காயம்பட்ட பேய்லி.

பல்லக்கு என்பது நம் கண்ணுக்கு என்ன என்பதை யோசிக்க வேண்டும். சுவாமி ஏறுவது, மாப்பிள்ளை ஏறுவது, ஆதீனகர்த்தர் ஏறுவது. அந்த மரியாதையான ஆசனத்தில் இரத்தம் ஒழுகும் ஒரு பகைத் தளபதியை உட்காரவைத்து, சுற்றிலும் அவன் படை அறுபடுவதை அவனே பார்க்கும்படி செய்துவிட்டான் ஓவியன். குத்திக் கீழே தள்ளியிருந்தால் அது சாதாரண வெற்றிச் சித்திரமாகப் போயிருக்கும். அந்தப் பக்கத்திலோ திப்பு, பூந்தோட்டத்தில் உலாவப் புறப்பட்டவரைப் போல, ரோஜாப்பூ ஒன்றை முகர்ந்துகொண்டு வருகிறார். பூவை முகர்கிறவர் ஒரு பக்கம், பல்லக்கில் துவள்கிறவர் ஒரு பக்கம். இதற்கு மேல் ஒரு பரிகாசம் தூரிகையால் ஆகாது. ஆனால், அந்தப் பேய்லியின் காயத்தை உற்றுப் பார்த்தால் அதில் வலி இல்லை. அது யானையின் முகபடாம்போல, வெற்றி ஊர்வலத்தின் அலங்காரங்களில் ஒன்று.

உண்மையான பேய்லியின் கதை இவ்வளவு வர்ணமுடையதன்று. குண்டூரிலிருந்து ஏறக்குறைய 2,800 பேருடன் தெற்கே வந்தவர், ஆகஸ்டுக் கடைசியில் கொற்றலையாற்றின் வடகரையில் ஓர் இரவு தங்கிப் போகலாமென்று கூடாரம் அடித்தார். மறுநாள் ஆற்றில் வெள்ளம். அந்த ஓர் இரவுத் தாமதம் பத்து நாளாக நீண்டது. ஆற்றைக் கடந்து பெரம்பாக்கத்தில் திப்புவோடு மோதி, கர்னல் பிளெட்சர் கொண்டுவந்த உதவிப் படையையும் சேர்த்துக்கொண்டு புள்ளலூரை எட்டியபோது, நாலு மணி நேர நடையில் காஞ்சிபுரத்தில் மன்றோ பெரும்படையோடு இருந்தார். வெடிச் சத்தம் கேட்டும் காலத்தில் வந்து சேரவில்லை. பேய்லியின் கீழிருந்த 86 ஐரோப்பிய அதிகாரிகளில் 36 பேர் மாண்டார்கள்; 34 பேர் காயத்தோடும் 16 பேர் காயமின்றியும் பிடிபட்டார்கள். சரணடைந்த பிறகும் தொடர்ந்த வெட்டை நிறுத்தியவர்கள் ஐதரிடம் ஊழியம் பார்த்த பிரெஞ்சு அதிகாரிகள்தாம். பேய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782 நவம்பரில் கண்ணை மூடினார். லக்னோவில் ரெஸிடெண்டாக இருந்த அவருடைய உறவினர் ஒருவர் 1816-இல் அவருக்கு எழுப்பிய நினைவு மண்டபம், திப்புவின் சமாதியாகிய கும்பஸுக்கு அருகிலேயே நிற்கிறது.

அதே யுத்தத்தில் டேவிட் பேர்டு என்ற இளம் காப்டனுக்குத் தலையில் இரண்டு வாள்வெட்டு, கையில் ஈட்டிக் குத்து, தொடையில் ஒரு குண்டு. செத்தவனென்று களத்தில் விடப்பட்டுப் பின்பு பிடிபட்ட அவர், தொடைக் குண்டு தொடையிலேயே இருக்க, நாற்பத்து நான்கு மாதம் சிறையிருந்தார். புண் ஆறாத அவர் காலில் விலங்கு மாட்ட வந்தபோது, லூக்காஸ் என்ற சக கைதி, அவருடைய விலங்கையும் சேர்த்துத் தன் காலிலேயே மாட்டும்படி கேட்டுக்கொண்டானாம். பேர்டின் தாயாரோ, மகன் சங்கிலியில் இன்னொருவனோடு பிணைக்கப்பட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, மகனுக்காக இரங்காமல் அந்த இன்னொருவனுக்காக இரங்கினாளாம். பிள்ளையின் குணம் பெற்றவளுக்குத் தெரியாதா?

1784 மார்ச்சு மங்களூர் உடன்படிக்கையினால் விடுதலை பெற்ற அந்தப் பேர்டு, 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையை உடைத்துப் புகுந்த படைக்குத் தலைவர். இருட்டிய பிறகு பிணக்குவியலில் திப்புவின் உடலைத் தேடிக் கண்டவரும் அவரே. இந்தக் காட்சியை எழுதித் தரும்படி, அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவி சர் டேவிட் வில்கி என்ற ஸ்காட்லாந்து ஓவியரை ஏற்பாடு செய்தாள். 1839-இல் முடிந்த அந்தப் படம் ஆளைவிடப் பெரிய அளவுடையது, எடின்பரோவில் இருக்கிறது. தீவட்டி வெளிச்சத்தில் பேர்டு நிமிர்ந்து நிற்கிறார். கீழே திப்புவின் உடல். படத்தின் மர்மம் இவை இரண்டிலும் இல்லை. பேர்டின் காலடியில் தரையோடு தரையாக ஓர் இரும்புக் கம்பித் தட்டி தெரிகிறது. முன்னொரு காலத்தில் அவர் அடைபட்டிருந்த நிலவறையின் மேல்மூடி அது என்று ஓவியர் சொல்லிவைத்தார்.

வில்கி இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். (படம் முடித்து இரண்டு வருஷத்தில், கீழ்த்திசைப் பிரயாணத்திலிருந்து திரும்புகையில், ஜிப்ரால்டர் அருகே கப்பலிலேயே இறந்து கடலில் அடக்கமானார். அந்த அடக்கத்தை டர்னர் எழுதிய கறுப்புப் பாய்மரச் சித்திரம் வில்கியின் படங்கள் எல்லாவற்றையும்விடப் புகழ்பெற்றுவிட்டது.) சிறைப்பட்ட அதிகாரிகள் எழுதிவைத்த நினைவுகளைப் படித்தால், அவர்களை அடைத்திருந்த இடம் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் போட்ட அடைப்பாகத் தெரிகிறதே தவிர, காலடியில் கம்பி வைத்த பாதாளமாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இன்று பேய்லியின் நிலவறை என்று பெயர்ப்பலகை வைத்துக் காட்டும் வளைவுக் கூடத்தில், சுவரில் பதித்த கற்களைக் காட்டி, கைதிகளைக் கழுத்தளவு தண்ணீரில் கட்டிவைத்தார்கள் என்று வழிகாட்டி உருக்கமாகச் சொல்வார். அந்த உருக்கத்தை நான் நம்புவதில்லை. வழிகாட்டிக்கும் வில்கிக்கும் வேண்டியது ஒன்றேதான்: பழி வாங்கியதற்கு நியாயம் சொல்ல ஓர் ஆழமான குழி. தொடையில் குண்டோடு கிடந்த இருபத்துச் சொச்ச வயதுப் பையனை வில்கி எழுதவில்லை. அவன் கிடந்த இடத்தின் மூடியை மாத்திரம் எழுதி, அதன்மேல் ஜெயித்த தளபதியின் காலை வைத்துவிட்டார்.

தரியா தௌலத்துச் சித்திரத்துக்கு நேர்ந்த கதியும் விசித்திரமானது. போர் நெருங்கிய நாட்களில் அது வெள்ளையடித்து மறைக்கப்பட்டது என்பார்கள். 1799-க்குப் பிறகு அந்த மாளிகையில் குடியேறிய கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே மனிதர், அதைப் புதுப்பிக்கச் செய்தார். மறுபடி மங்கியபோது 1850-களில் டல்ஹௌஸிப் பிரபு இன்னொரு முறை எழுதச் சொன்னார். தங்கள் மூக்கறுபட்ட காட்சியைத் தாங்களே இரண்டு தரம் வர்ணம் பூசிப் பாதுகாத்தவர்கள் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. முடிவில் ஜெயித்தவனுக்கு இடையில் தோற்றதும் ஓர் ஆபரணம் ஆகிவிடுகிறது. பத்துத் தாள்களை இணைத்து முப்பத்திரண்டு அடி நீளத்தில் காகிதத்தில் எழுதிய இதே காட்சி, 2022 மார்ச்சில் லண்டன் சோத்பி ஏலத்தில் 6,30,000 பவுனுக்கு, நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல், விலைபோயிற்று.

இனி நம்மவர்களுக்கு வருவோம். பேய்லியிடம் இருந்த சுமார் 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூறு பேர்தாம். மீதிப் பேர் கர்நாடகச் சீமையிலும் வடசர்க்காரிலும் பிடித்துச் சேர்த்த சிப்பாய்கள்; தமிழும் தெலுங்கும் தக்கணி உருதும் பேசியவர்கள். மாதச் சம்பளத்துக்குச் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்ட அந்த மனிதர்களில் எத்தனை பேர் வெட்டுண்டார்கள், எத்தனை பேர் விலங்கோடு மலையேறினார்கள் என்பதற்கு அதிகாரிகளுக்கு உள்ளதைப் போலத் தலைக்கணக்கு இல்லை. கைதிகளான சிப்பாய்களை மைசூர்ப் படையில் சேரச் சொல்லி வற்புறுத்தினார்கள். மறுத்தவர்கள் மண் சுமந்தார்கள். மைசூர்ச் சரித்திரம் எழுதிய கர்னல் மார்க் வில்க்ஸ் அவர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். கறியில்லாமல் வாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக, நம் சிப்பாய்கள் தங்களுக்குக் கிடைத்த நாட்கூலியில் மிச்சம் பிடித்து இறைச்சி வாங்கிக் கொடுத்தார்களாம். நாங்கள் எதையும் தின்று பிழைத்துக்கொள்வோம், உங்களால் முடியாதே என்பது அவர்கள் சொன்ன சமாதானம். காலில் விலங்கு, கையில் இரண்டு காசு, அந்தக் காசுக்கு இன்னொருவனுக்குக் கறி! வில்கியைவிட நல்ல ஓவியன் ஒருவன் எழுதியிருக்க வேண்டிய படம் இது, எழுத ஆளில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரில் அவர்கள் சதுர வரிசையின் அச்சு முகங்கள். எடின்பரோவில் அதுவும் இல்லை.

கைதியின் காயத்தைக் காயமாகவே எழுதியவர்கள் வர இன்னும் நூற்றறுபது வருஷம் ஆயிற்று; அவர்கள் கைதிகளாகவே இருக்கவும் வேண்டியிருந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் அகப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களில் ரொனால்டு ஸெர்ல், ஜாக் சாக்கர், லியோ ராலிங்ஸ் என்று சித்திரம் எழுதத் தெரிந்த சில வாலிபர்கள் இருந்தார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட அவர்களைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ராலிங்ஸ் தன் தலைமயிரைக் கத்தரித்துத் தூரிகை கட்டி, களிமண்ணையும் செடிச் சாற்றையும் வர்ணமாகக் குழைத்தார். ஸெர்ல் தன் படங்களைக் காலராவில் சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தார். காவற்காரர்கள் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள். சாக்கர் மூங்கிற்குழாயில் அடைத்துப் புதைத்தார். ஒருமுறை அகப்பட்டு அடியும் வாங்கினார். சுங்காய் முகாம் ஆஸ்பத்திரியில், டாக்டர் வியரி டன்லப் என்ற ஆஸ்திரேலிய வைத்தியருக்காக, எலும்பு தெரியும்வரை தின்றுபோன காற்புண்களையும், அழுகிய சதையைச் சாதாரணக் கரண்டியால் வழித்தெடுக்கிற சிகிச்சையையும், கால் வெட்டுவதையும் அவர் அளவு குறித்து எழுதினார்.

அந்தப் புண்களில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அச்சில்தான். கெண்டைக்கால் சதை உதடு விரித்தாற்போல் இரண்டாகப் பிளந்து, நடுவே எலும்பு வெண்மையாக ஓடுகிறது. விளிம்பில் ஊதா, உள்ளே மஞ்சள், கீழே பாதத்தில் ஐந்து விரலும் ஒழுங்காக, நகம் உட்பட. அந்த நகங்கள்தாம் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தன. புண்ணை எழுதுகிற அவசரத்தில் நகத்தை விட்டுவிட்டிருக்கலாம், எவன் கேட்கப்போகிறான்? விடவில்லை. விழுப்புண்ணுமல்ல, புறப்புண்ணுமல்ல, மூங்கில் முள் கீறி, மருந்தில்லாமல் பெருத்த புண். அதற்கு வீரமும் இல்லை, வெட்கமும் இல்லை. நம் இலக்கணத்தில் அதற்குப் பெயருமில்லை.

அங்கேயும் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாதை போட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் என்றால், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன தமிழர்களையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள்; தொழிலாளர்களில் தொண்ணூறாயிரம் இருக்குமென்பது மதிப்பு. கைதிகளிடம் வைத்தியன் இருந்தான், படம் எழுதுகிறவன் இருந்தான். தோட்டத் தமிழனிடம் இரண்டு பேருமில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். எழுத்தில் வந்தது, சித்திரத்தில், அவன் தன் கையால் எழுதிய சித்திரத்தில், வரவேயில்லை.

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில், 1952-இல் அமைத்த யுத்தக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. இரண்டாம் மகாயுத்தத்தில் இறந்தவர்களுக்கு, வெட்டிச் சீராக்கிய புல்லின்மேல் ஒரே உயரத்தில் வெள்ளைக் கற்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவதுண்டு. சென்னையின் தென்பகுதியில் ஆள்சத்தம் இல்லாமல் உட்கார இதைவிட நல்ல ஸ்தலம் கிடையாது. அப்படி ஒரு ஞாயிறு உட்கார்ந்திருந்தபோதுதான், புள்ளலூருக்குப் போகவே இல்லையே என்று தோன்றிற்று. அடுத்த வாரமே காஞ்சிபுரம் போய், டவுன் பஸ் பிடித்து இறங்கி நடந்தேன்.

மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் புள்ளலூரும் இதுவே. ஆயிரத்து இருநூறு வருஷ இடைவெளியில் இரண்டு மகாயுத்தம் கண்ட ஊர் இப்போது நெல்லும் ஏரித் தண்ணீருமாக அமைதியாயிருக்கிறது. வயலோரத்தில் இரண்டு கூர்த்தூண்கள். கர்னல் ஜார்ஜ் பிரவுன், காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப் என்ற இருவருக்காக நட்டவை. இவர்கள் பேய்லியின் ஆட்களல்லர்; மறு வருஷம், 1781 ஆகஸ்டு 27-ஆம் தேதி, அதே இடத்தில் ஐதரோடு நடந்த இரண்டாம் யுத்தத்தில் மாண்டவர்கள். பேய்லியின் சிப்பாய்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர், மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"வெள்ளக்காரன் சமாதி பாக்க வந்தீங்களா சார்? எப்பவாச்சும் இப்பிடி ஒருத்தர் ரெண்டு பேர் வர்றாங்க."

"ஆமாம் ஐயா. இந்தச் சண்டையில நம்ம ஊர்ச் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கில் செத்தாங்களே, அவங்களை எங்கே புதைச்சாங்கன்னு யாராவது சொல்வாங்களா?"

அவர் சற்று நேரம் தூண்களைப் பார்த்தார். பிறகு வயலைப் பார்த்தார்.

"ஏர் ஓட்டுறப்ப இரும்புக் குண்டு மாட்டும்னு எங்க தாத்தா சொல்வாரு. எலும்பு மாட்டுச்சுன்னு சொன்னதில்ல. மண்ணு தின்னுட்டிருக்கும்."

சொல்லிவிட்டு, மடை உடைந்து தண்ணீர் வேறு பக்கம் போவதைக் கண்டவர், என்னை மறந்து மண்வெட்டியோடு ஓடினார்.